சின்னவளுக்காகப் பேசியவள்

எங்கள் சின்னவளுக்கு நாலு வயது ஆகும்வரை அவளுக்கு என்ன வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது மூத்தவள்தான். சின்னவள் டம்ளரைப் பார்த்து "ஊ" என்பாள். நான் பாலை நீட்டுவேன். "பால் வேணும்னு சொல்லலம்மா, மேல கெடக்குற ஆடைய எடுக்கச் சொல்றா" என்பாள் மூத்தவள். வாசலைக் காட்டி "ஆ, ம்ம், ஆ" என்பாள் சின்னவள். "வெளிய போகணும்னு இல்ல. காலைல ஒரு கறுப்பு நாய் வந்துச்சுல்ல, அது திரும்ப வந்துச்சான்னு கேக்குறா." எப்படித்தான் தெரியுமோ. ஒரு தடவைகூட அவள் சொன்னது தப்பாகப் போனதாக எனக்கு நினைவில்லை. சின்னவள் தலையைத் தலையை ஆட்டுவாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வாள், அத்தோடு சோலி முடிந்தது.

பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிகிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் பழக்கடை. பின்னாலேயே வீடு. மலையேறி வருகிறவர்கள் பட்டர் ஃப்ரூட், ப்ளம்ஸ், மலைப்பூண்டு வாங்கிப் போவார்கள். சீசன் வந்துவிட்டால் நானும் அவரும் இரண்டு பேருமே கடையில் நிற்க வேண்டும். அப்போதெல்லாம் சின்னவளைப் பார்த்துக்கொண்டது நாலாம் வகுப்பு படித்த மூத்தவள். பிள்ளை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, அக்காவுடன் ஏதோ சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு அது வசதியாக இருந்தது. பேச்சு வரவில்லையே என்று எனக்குக் கவலை இருந்தது உண்மை. அந்தக் கவலையைக் கடை மூடின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடிந்ததற்குக் காரணம் மூத்தவள்.

"இவளோட அத்தாவும் லேட்டாத்தான் பேசினான். இப்ப வாய மூட வைக்க முடியுதா?" என்று என் மாமியார் தன் மகனைப் பற்றிச் சொன்னார். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்தோம். கடைக்கு வந்த ஒரு அம்மா, வாய்க்குப் பலம் போதவில்லை, பலூன் ஊதச் சொல்லுங்கள் என்றார். போனில் தேடினேன். அதிலும் பலூன், விசில், ஸ்ட்ரா என்றுதான் வந்தது. மாதக்கணக்கில் ஊத வைத்தேன். சின்னவள் நன்றாக ஊதினாள். கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதிவிட்டு என்னைப் பார்ப்பாள், இப்போது சரியா என்பதுபோல. பேச்சு மட்டும் வரவில்லை.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கிருந்த மேடம் சின்னவளிடம், "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டார். சின்னவள் வாயைத் திறந்தாள். உதடு ஒரு பக்கம் கோணியது, பிறகு குவிந்தது, நாக்கு எதையோ தேடியது. சத்தம் வரவில்லை. பின்னால் நின்ற மூத்தவள் பேரைச் சொல்லிவிட்டாள். மூக்கைத் தொடு என்றார், தொட்டாள். இது என்ன என்று மூக்கைக் காட்டிக் கேட்டார். மறுபடியும் அந்தத் தேடல். மறுபடியும் மூத்தவளே சொன்னாள். "அட்மிஷன் உனக்கா, தங்கச்சிக்கா?" என்று அந்த மேடம் சிரித்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வெளியே வந்ததும் மூத்தவளின் கையைப் பிடித்து இழுத்தேன். "கேட்டாங்களா உன்ன?" என்றேன். கோபம் அவள் மேல் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்கு ஆள் திண்டுக்கல்லில் இருப்பதாகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் வெள்ளனே எழுந்து, சின்னவளை ஸ்வெட்டரில் சுருட்டி, முதல் பஸ்ஸில் இறங்குவோம். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைக்குக் குமட்டும். வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் மடியில் துவண்டு கிடப்பாள். அங்கே முகம் கழுவி, இட்லி கொடுத்து, அடுத்த பஸ் ஏறுவோம்.

பயிற்சி கொடுத்த மேடம் சின்ன வயதுப் பெண். மேசை நாற்காலி எல்லாம் போடாமல் பாயில் சின்னவளுக்கு நேர் எதிரே, அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் விளையாடினார். ஒரே சொல்லை வேறு வேறு நேரத்தில் கேட்டார். சின்னவள் ஒருமுறை "பா" என்றாள், அடுத்த முறை "ஆ", அடுத்த முறை "மா". மேடம் என்னிடம் திரும்பினார்.

"என்ன சொல்லணும்னு இவளுக்கு நல்லாத் தெரியுதும்மா. வாய்லயும் பலம் இருக்கு. உதட்டையும் நாக்கையும் எந்த வரிசைல அசைக்கணுங்கிற திட்டம் மூளைலருந்து சரியா வந்து சேர மாட்டேங்குது. அப்ராக்ஸியான்னு சொல்லுவோம். நேத்து சொன்னது இன்னைக்கு வராது. அடம்னு நெனச்சுடாதீங்க."

"பலூன் ஊதச் சொன்னாங்க மேடம். ரொம்ப நாளா ஊதுறா."

"ஊதினா ஊத வரும். பேசறதுக்குப் பேசித்தான் பழகணும்" என்றார். குரலில் குத்தல் இல்லை. ஆனாலும் பிள்ளை ஊதிவிட்டு என்னைப் பார்த்த அந்தப் பார்வைகள் எல்லாம் வரிசையாக வந்து எனக்குள் நின்றன.

அவர் செய்த விதம் எனக்குப் புதிதாக இருந்தது. "என் வாயப் பாரு" என்பார். சின்னவள் பார்க்கும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக, மிக மெதுவாக, சொல்லை இழுத்துச் சொல்வார்கள். "பா" என்றால் விரலால் அவள் உதடுகளை லேசாகச் சேர்த்து விடுவித்தார். "கா" என்றால் தாடைக்குக் கீழே, தொண்டை தொடங்குகிற இடத்தில் ஒரு விரலை மெல்ல வைத்து மேலே தள்ளினார். நாக்கின் பின்பக்கம் எங்கே தூக்க வேண்டும் என்று பிள்ளைக்கு அந்தத் தொடுதல் சொல்லிக்கொடுத்தது. சொல் கொஞ்சம் பிடிபட்டதும் விரலை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டுவார். பிறகு அதுவும் இல்லை, அவளே சொல்ல வேண்டும். தடுமாறினால் உடனே திரும்ப விரலும் குரலும் வந்து சேர்ந்துகொள்ளும். சின்னவள் சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்றைக்கே "பாப்பா" என்று ஒருமுறை தெளிவாக வந்தது. நான் அழுதேன்.

கிளம்பும்போது மேடம் கேட்டார்: "வீட்டுல இவளுக்காக யாராவது பேசுவாங்களா?"

"மூத்தவ பேசுவா மேடம்."

"நல்ல பிள்ள. ஆனா கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்க. இவ முயற்சி பண்ண எடம் வேணும்ல? நீங்களும் வீட்டுல தெனமும் கொஞ்ச நேரம் பண்ணுங்க. அஞ்சாறு நிமிஷம் போதும், விளையாட்டு மாதிரி. அலுத்துட்டான்னா விட்டுருங்க."

கொஞ்சம் காத்திருக்க, கொஞ்ச நேரம், அலுத்தால் விட்டுவிட. மலையேறுகிற பஸ்ஸில் இந்தக் 'கொஞ்சம்' எல்லாம் என் காதிலிருந்து நழுவிவிட்டது. என்னிடம் தங்கியது வேறு: இவளுக்காக யாரோ பேசுவதால்தான் இவள் பேசவில்லை. வருஷக்கணக்காக என் நெஞ்சில் கிடந்த பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூத்தவளைக் கூப்பிட்டேன்.

"இனிமே அவளுக்காக நீ வாயத் தொறக்கக் கூடாது."

"அவ என்ன சொல்றான்னு உங்களுக்குத் தெரியாதேம்மா?"

"அவளே சொல்லட்டும். உன்னாலதான் அவ பேசாம இருக்கா."

மூத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். "சரிம்மா" என்றாள்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சின்னவள் எதையாவது காட்டி என்னென்னவோ சொல்ல, நான் புரியாமல் முழிக்க, மூத்தவளின் வாய் தானாகத் திறக்கும். உடனே கையால் பொத்திக்கொள்வாள். சின்னவள் அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள். மூத்தவள் தரையைப் பார்ப்பாள். சில வாரங்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டுக்குள் வராமல் கடையிலேயே, பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுத ஆரம்பித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போடுகிற சத்தம் வீட்டில் குறைந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்து, பயிற்சி பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் விடாமல் செய்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு சின்னவளை உட்கார வைப்பேன். பள்ளிக்கூடத்தில் திரும்பவும் கேட்பார்களே என்று நானே சொற்களைத் தேர்ந்தெடுத்தேன். மூக்கு, காது, கை, கால். மேடம், "வீட்டுல இவ அதிகமா எதக் கேக்குறாளோ அந்தச் சொல்ல எடுத்துக்கலாமா?" என்று கேட்டதற்கு, "இதுங்கதான் மேடம் இப்பத் தேவை" என்றேன். அஞ்சாறு நிமிஷம் அரைமணியாகும். "இன்னும் ஒரே ஒருவாட்டி" என்பேன். சின்னவள் ஸ்டூலிலிருந்து நழுவப் பார்ப்பாள். நான் முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொள்வேன். அடித்ததில்லை. திட்டியதுகூட இல்லை. அதனால் நான் அன்பாகத்தான் நடத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.

"காது"தான் வராமல் இருந்தது. தாடைக்கடியில் விரலை வைத்தாலும் "ஆது" என்றே வந்தது.

மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்த ஒரு சாயங்காலம். கடையில் விளக்குப் போட்டிருந்தோம். மழைப்பூச்சிகள் விளக்கைச் சுற்றி மொய்த்தன. அவர் வேனிலிருந்து பழப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். சின்னவள் கடைப்பக்கமிருந்து ஓடி வந்தாள். முகம் சுருங்கியிருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதைக் கையால் அழுத்திக்கொண்டு, "ஆது, ஆது" என்றாள். பின்னாலேயே மூத்தவளும் வந்து வாசல்படியில் நின்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் கேட்காமலே, தானாக வந்து, காதைக் காட்டிச் சொல்கிறாளே! ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"ஆமா தங்கம், காது! என் வாயப் பாரு. கா…"

அவள் தலையை உதறினாள். "ஆது!" என்று அழுகையோடு சொன்னாள்.

"அழக் கூடாது. நல்லா வருது பாரு. கா… து." விரலை அவள் தாடைக்கடியில் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக் காதுக்கு இழுத்தாள். நான் அதைத் திரும்பத் தாடைக்குக் கொண்டுவந்தேன். அவளுக்கு வேறு வழியில்லை. சொன்னால்தான் அம்மா விடுவாள் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கும். கண்ணீர் வழிய வழிய என் வாயைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. "கா… து" என்றாள். தெளிவாக. சுத்தமாக.

நான் கத்திவிட்டேன். அவளை அள்ளிக்கொண்டு, "ஏங்க! இங்க வாங்களேன்! காதுன்னு சொல்லிட்டா!" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவள் என் தோளில் தலையை முட்டி முட்டி அலறினாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "இன்னொருக்கா அத்தாகிட்ட சொல்லு" என்றேன்.

"அம்மா!" என்றாள் மூத்தவள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தியிருந்தாள். கையை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னாள்: "அவ காதுக்குள்ள பூச்சி போயிருச்சும்மா! உள்ள ஓடுதாம்மா! அப்பலருந்து அதத்தான் சொல்றா!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெரசாக நடந்தது. அவர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வேனைத் திருப்பினார். கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மூட்டம். பின் சீட்டில் மூத்தவள் தங்கையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "போயிரும், போயிரும், டாக்டர் எடுத்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னவள் என்னிடம் வரவில்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பிள்ள சொல்லிக்கிட்டேவா இருந்துச்சு?" நான் ஆமாம் என்றேன்.

நர்ஸ் எண்ணெய் விட்டார். டாக்டர் சிறிய இடுக்கியால் ஒரு வண்டை எடுத்துப் பஞ்சில் வைத்தார். மிளகைவிடச் சற்றுப் பெரியது. சின்னவளின் கை கால்களை நாங்கள் மூன்று பேரும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காதுக்குள் கீறல் இருக்கிறது, மருந்து விடுங்கள் என்றார் டாக்டர். "எப்பப் போச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூத்தவள்தான் சொன்னாள், "சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி, கடையில நிக்கும்போது."

"அப்பருந்து என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. எல்லாத் தாயிடமும் கேட்கிற கேள்விதான். பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

காதுப்புண் ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு சின்னவள் என் விரலைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வர விடவில்லை. தலை வாரும்போதுகூடத் தாடையை ஸ்வெட்டர் காலருக்குள் புதைத்துக்கொள்வாள். வந்துகொண்டிருந்த சொற்களும் நின்றன. "பாப்பா" நின்றது. "அத்தா" நின்றது. கண்ணாடிக்கு முன்னாலிருந்த ஸ்டூலை நான் எடுத்து மச்சுக்கு ஏற்றினேன். அவளுக்குப் பிடிக்காது என்று அவரிடம் சொன்னேன். உண்மையில் எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

திண்டுக்கல்லில் மேடம் கையை நீட்டியதும் சின்னவள் முகத்தை மூடிக்கொண்டாள். மேடம் உடனே கையை மடியில் வைத்துக்கொண்டார். "என்ன நடந்துச்சு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தவளிடம் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காத்திருங்கன்னு சொன்னேன். எதுக்கு, எதுவரைக்கும்னு நான் விளக்கமாச் சொல்லலம்மா" என்றார். "வலிக்கும்போதும் பயத்துலயும் பயிற்சி கெடையாது. மொதல்ல பிள்ள சொல்றது நமக்குப் புரிஞ்சிருக்கணும். அது எந்த வழியில புரிஞ்சாலும் சரி. கை ஜாடையோ, அவ அக்காவோ. அப்புறம்தான் வாய்." பிறகு, "அடுத்த தடவ மூத்தவளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிக் கூட்டிப்போனேன். அவள் பாயில் உட்காராமல் சுவரோடு ஒட்டி நின்றாள். மேடம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் தங்கச்சிக்கு எந்தச் சொல்லு ரொம்பத் தேவைன்னு நீ நெனக்கிற?" என்று கேட்டார்.

மூத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. என் பிள்ளை வாயைத் திறக்க என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிறாள். "சொல்லும்மா" என்றேன்.

"வேணாம்" என்றாள் அவள்.

"எதுவும் சொல்ல வேணாமா?" என்றார் மேடம்.

"இல்ல, அதுதான் சொல்லு. 'வேணாம்'. அவளுக்கு அது சொல்ல வராது. அதனாலதான் எல்லாத்துக்கும் அழுவா."

மேடம் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து "வேணாம்" தொடங்கியது. முகத்தைத் தொடாமல் மேடம் தன் உதட்டிலேயே விரலை வைத்துக் காட்டினார். மேல்பல் கீழுதட்டில் லேசாகப் படுவதையும், கடைசியில் வாய் மூடுவதையும். மூத்தவள் எதிரே உட்கார்ந்து தங்கைக்குத் தப்புத் தப்பாக எதையாவது நீட்டுவாள். பழம் கேட்டால் செருப்பு, பொம்மை கேட்டால் விளக்குமாறு. இரண்டு பேரும் மேடத்தோடு சேர்ந்து இழுத்து இழுத்து "வே… ணாம்" என்பார்கள். பல வாரங்கள் "ஏணா" என்று வந்தது, பிறகு "வேஆம்", ஒருநாள் ஒன்றுமே வரவில்லை, அடுத்த நாள் பாதி வந்தது. வீட்டில் நான் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மூத்தவள் விளையாடும்போது சொல்லிக்கொடுத்தாள். இருவரும் அலுத்துவிட்டால் எழுந்து ஓடிவிடுவார்கள். அவர்களை யாரும் பிடித்து வைக்கவில்லை.

ஒருநாள் காலையில் சின்னவளுக்குக் காதுக்கு மேலாகக் குல்லாய் மாட்டிவிடப் போனேன். நல்ல குளிர். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, என் முகத்தை நேராகப் பார்த்து, "வேணாம்" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். குல்லாய் இல்லாமலே போனாள். அன்று முழுக்க அந்தச் சொல் எனக்குள் கிடந்தது. சந்தோஷம்தான். ஆனால் இந்தச் சொல் முன்பே அவளிடம் இருந்திருந்தால் அந்தச் சாயங்காலம் அதைத்தானே என்னிடம் சொல்லியிருப்பாள் என்றும் தோன்றியது.

இப்போது சின்னவள் இரண்டாம் வகுப்பு. பேசுகிறாள். வேகமாகப் பேச வராது. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோல் பேசுவாள். நீளமான சொற்களில் நடுவில் ஒரு எழுத்து காணாமல் போகும். களைத்துவிட்டால் பாதி புரியாது. மேடத்திடம் மாதம் ஒருமுறை போகிறோம். என் விரலுக்கு இப்போது பயப்படுவதில்லை. ஆனால் பயிற்சி என்று நான் தொடுவதுமில்லை.

போன மாதம் கடையில் உட்கார்ந்து மூத்தவளும் நானும் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். காரிலிருந்து இறங்கிய ஒருவர் சின்னவளிடம் விலை கேட்டு, அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பாப்பாவுக்கு எந்த ஊரு? கேரளாவா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மூத்தவளும் திறக்கவில்லை. சின்னவள் யோசித்து, "இந்த… ஊருதான்" என்றாள். அவர் வாங்கிக்கொண்டு போனதும் அவள் வேனுக்குப் பக்கத்தில் விளையாடப் போய்விட்டாள்.

மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை. வீட்டுக்கு யாராவது வந்து எதையாவது கேட்டால் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். அந்த ஒருகணம் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிகிறது. அன்று ஏனோ சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"உன்னாலதான் அவ பேசலன்னு ஒருநாள் சொன்னேன்ல. அது தப்பும்மா. நீ இருந்ததாலதான் அவ அவ்வளவு நாள் நிம்மதியா இருந்தா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டே, "பூச்சி போனத நான் பாத்தேம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கடையில நிக்கும்போதே பாத்தேன். அவ என்கிட்டதான் மொதல்ல வந்தா. நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்களேன்னு, அம்மாகிட்டயே போய்ச் சொல்லுன்னு அனுப்பிட்டேன். வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நான் அப்பவே சொல்லியிருக்கணும்லம்மா?"

இத்தனை வருஷம் நான் மட்டும் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்த பாரத்தின் மறுமுனையை இந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் கையிலிருந்த பூண்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நீ சொல்ல வேண்டியது இல்லடா. நான் கேட்டிருக்கணும்."

"கேட்டீங்கம்மா. அவகிட்ட கேட்டீங்க." கோபமே இல்லாமல் சொன்னாள், "என்கிட்ட கேக்கல."

அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொள்ளப் போனேன். விறைப்பாக இருந்தாள், பிறகு கொஞ்சம் சாய்ந்தாள். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா, என்னைச் சமாதானப்படுத்த ஆட்டினாளா, எனக்குத் தெரியவில்லை. தங்கையின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். அவளுடைய மௌனத்துக்கு அர்த்தம் சொல்ல எங்கள் வீட்டில் யாருமில்லை.

"அடுத்த வாரம் திண்டுக்கல்லுக்கு நீயும் வர்றியா?" என்று கேட்டேன். "தங்கச்சிக்காக இல்ல. மேடத்துக்கிட்ட உனக்கு என்ன பேசணுமோ நீ தனியாப் பேசு. நான் வெளிய நிக்கிறேன்."

இந்த முறை அவள் என் முகத்தைப் பார்த்து யோசிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "வர்றேன். ஆனா பஸ்ஸுல ஜன்னலோரம் எனக்குத்தான்" என்றாள்.